வேர்க்காமல் போன உடம்பு

ஊசி போடுவது நர்ஸ் வேலையில் பாதிதான். ஊசி போட்டுக்கொண்டவர் வீட்டுக்குப் போய் என்ன ஆனாரோ என்று பதறுவது மீதிப் பாதி. எழுபதுகளில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்துக் காலம் தள்ளியவர்களுக்கு இது புரியும். திருத்தணியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்து வருவார் முனிரத்தினம். தறி நெய்பவர், சர்க்கரை வியாதிக்காரர். மனைவி கோவிந்தம்மாவே வீட்டில் இன்சுலின் போடப் பழகியிருந்தாள்.

குடிக்காத குடிகாரர்

ஒரு கிருத்திகையன்று ஊசியைப் போட்டுக்கொண்டு, விரதம் என்று வெறும் வயிற்றோடு மனைவியுடன் திருத்தணிக்கு பஸ் ஏறிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, வாய் குழறியது. சாராயம் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. கோவிந்தம்மா டீக்கடையில் சர்க்கரை வாங்கி வாயில் போட்டு, ரிக்‌ஷாவில் அழைத்துவந்தாள்.

"மூளைக்குச் சர்க்கரைதான் சாப்பாடு. சாப்பிடாம ஊசி போட்டா அது ரொம்பக் குறைஞ்சிடும். அப்போ மூளை நரம்பு வழியா வேர்வையும் நடுக்கமுமா கூச்சல் போடும். உடனே இனிப்பு குடுங்க" என்றார் டாக்டர். முனிரத்தினம் தலை நிமிரவில்லை. "ஒரு சொட்டு தொடாதவன் சிஸ்டர், ஊரே சிரிக்கிற மாதிரி ஆயிப்போச்சே."

செங்கல் நிறம்

அடுத்த வருஷம் அவர்களுடைய ஒரே மகள் பிரசவத்தில் போய்விட்டாள். காரியம் முடிந்து வந்தவரின் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினேன். நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறமானால் சர்க்கரை மிக அதிகம். செங்கலாகத்தான் வந்தது. ஊசி தவறவில்லை, சோறும் சரியாக இறங்கவில்லை என்று கோவிந்தம்மா சத்தியம் செய்தாள். துக்கம் தாக்கினால் மூளை ஏதோ ஆபத்து என்று எண்ணி, ஈரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கச் சொல்லிவிடும் என்றார் டாக்டர்.

முனிரத்தினம் அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "நைனான்னு கூப்புட ஆளில்ல. இனிமே யாருக்காக சிஸ்டர் இந்த உடம்பு சக்கரையை எறக்குது?"

தூக்கம் என்று நினைத்தது

வருஷம் போகப் போக வியாதி அவருடைய நரம்புகளையும் மரத்துப்போகச் செய்துவிட்டது. சர்க்கரை குறைந்தாலும் வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை. ஒரு மத்தியானம் தறிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தார். கோவிந்தம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வேர்வையில்லாமல் காய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் எழுப்பினால் எழவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்ததும் குளுக்கோஸ் ஏற்றினோம். மறுநாள்தான் கண் திறந்தார். அதற்குள் மூளை வெகுநேரம் பட்டினி கிடந்துவிட்டது. மனைவியைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சி டம்ளரை எடுத்தாள். "என்னை மறந்தா மறந்துட்டுப் போவட்டும் சிஸ்டர். பசிக்குதுன்னு கேக்கத் தெரிஞ்சா போதும், நான் பாத்துக்கினு இருப்பேன்."

சர்க்கரை, எல்லார் வீட்டு அடுக்களை டப்பாவிலும் எறும்பு மொய்க்கிற மருந்துதான். அதை வேளைக்குக் கேட்டு வாங்கத்தான் உடம்புக்கு வேர்வை, நடுக்கம் என்றொரு வாய் வேண்டியிருக்கிறது.