பேட்டரிக்கு நான் சொன்ன பத்தியம்

செல்போன் ரிப்பேர் கடையில கையைவிட வாய்க்குத்தான் சோலி அதிகம். இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்டு முழிக்கிற சகபாவிகள் யாரும் இதை மறுக்க மாட்டீங்க. என் கடை போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல. வந்த போனைச் சரி பண்ணத் தெரியாட்டிகூட, அறிவுரைக்கு என்கிட்ட பஞ்சமே கிடையாது.

வைத்தியர் ஆனேன்

பாண்டியம்மா அக்காவுக்கு ராசிங்காபுரம். தினம் விடியக்காலையில ஜீப்புல போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்து வேலைக்குப் போறவங்க. டிரைவர் போன் அடிச்சாத்தான் ரோட்டுக்கு வருவாங்க. போன் செத்தா ஜீப்பு போச்சு, ஜீப்பு போனா அன்னைக்குச் சோலி போச்சு.

ஒருநாள் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கிட்ட போனோட வந்து நின்னாங்க. நாலு வருசப் பேட்டரி, வயசாகிப் போச்சு, அவ்வளவுதான் விசயம். அதை அப்படியே சொல்லிட்டா நமக்கென்ன மரியாதை? புதுசு மாட்டிக் கொடுத்துட்டு, மூஞ்சியைப் பெரிய டாக்டர் மாதிரி வச்சுக்கிட்டு, "ராத்திரி முழுக்கச் சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்குறீங்கல்ல? அதான்க்கா விசம். இனிமே பகல்ல, கண்ணு முன்னால போடுங்க"ன்னேன். அக்கா சாமி வாக்கு மாதிரி கேட்டுக்கிட்டாங்க.

"நீ சொல்லிட்டேல்ல தம்பி, எங்க ஜீப்புல வர்ற அத்தனை பேருகிட்டயும் சொல்லிப்புடுறேன்."

எண்பது போதும்ணே

அந்தத் தெம்புல தேவாரத்துச் சம்சாரி ஒருத்தர்கிட்டயும் ஆரம்பிச்சேன். மலையடிவாரத்துல வாழை போட்டிருக்கார். மோட்டார் ரூம்ல போன் எந்நேரமும் சார்ஜ்லயே கெடக்குமாம். "நூறுலயே வச்சிருந்தா பேட்டரி ஆயுசு குறையும்ணே, எண்பதுல பிடுங்கிருங்க"ன்னேன். மனுசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்ளே, ஆனை இறங்கிருச்சுன்னு பக்கத்துக் காட்டுக்காரன் கூப்புடுறப்ப என் போன் செத்துக் கெடந்தா, மிச்சம் புடிச்ச ஆயுசை வச்சு நான் என்னய்யா பண்ண?"

பழியை யார் மேல போட?

ஆறே மாசம். பாண்டியம்மா அக்கா மறுபடியும் வந்துட்டாங்க, பேட்டரி மறுபடியும் உப்பிருச்சு. பின்னாடியே அதே ஜீப்புல போற இன்னும் நாலு பேரு, நாலு போனும் அதே கோலம். எனக்குக் காரணமே பிடிபடல. வெளிய காட்டிக்கலாமா? "சார்ஜர் டூப்ளிகேட்டு"ன்னு பழியைச் சார்ஜர் தலையில கட்டி, அஞ்சு பேருக்கும் பேட்டரியோட புதுச் சார்ஜரும் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த ரெண்டாவது மாசம் அக்கா மட்டும் வந்தாங்க. பேட்டரி திரும்பவும் உப்பல். அக்கா திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். குரல் உடைஞ்சு பேசினாங்க பாருங்க, அதான் தாங்கல.

"சார்ஜே நிக்காம ரெண்டு நாளு ஜீப்பை விட்டுட்டேன் தம்பி. இன்னொருவாட்டி விட்டா என் எடத்துக்கு வேற ஆளை ஏத்திக்கிருவாங்க."

நானே மலையேறினேன்

மறுநாள் கடையைப் பூட்டிட்டு அதே ஜீப்புல தொத்திக்கிட்டேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுலயும் என் குடல் வாய்க்கு வந்துட்டுப் போச்சு. ஜீப்பே சிரிச்சுது.

தோட்டத்துல இறங்கினதும் பொம்பளைக நேரா ஸ்டோருக்குப் போனாங்க. அடுப்பெரிச்சு அந்தச் சூட்டுல ஏலக்காயைக் காய வைக்கிற கட்டடம் அது. அங்கதான் பிளக் பாயிண்ட் இருக்கு. அடுப்புச் சுவரை ஒட்டின பலகையில அஞ்சு போனையும் வரிசையா சார்ஜ்ல போட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணைத் தொட்டேன், தோசைக்கல்லு! ஏலக்காயோட சேர்த்துப் பேட்டரியையும் வறுத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

கண்டுபிடிச்சுட்டோம்ங்கிற திமிரு தலைக்கேறிருச்சு. "அடப் பாவிகளா! பேட்டரிக்குச் சூடுதான் எமன். இதுக்கு வீட்டுல ராத்திரி முழுக்கப் போட்டிருந்தாக்கூடத் தேவலையே! இங்க வந்து போடச் சொன்ன மடையன் எவன்?"னு கத்தினேன். பாண்டியம்மா அக்கா நிதானமா என்னைப் பார்த்தாங்க.

"வீட்டுல ராத்திரிதான் போட்டுக்கிட்டிருந்தோம். பகல்ல, கண்ணு முன்னால போடுன்னு நீதான தம்பி சொன்ன? பகல்ல நாங்க இங்கதான இருக்கோம்."

அஞ்சு பேருக்கும் சும்மாவே பேட்டரி மாத்திக் கொடுத்து, பழையபடி வீட்டுலயே போடச் சொல்லிட்டேன். அன்னையிலருந்து அந்த ஜீப்பு ஆளுக எந்தக் கோளாறுக்கு வந்தாலும், "சோலியை மட்டும் பாரு தம்பி, வாயைத் தொறக்காத"ன்னு சொல்லிட்டுத்தான் போனையே நீட்டுறாங்க.