யாரும் கை இறக்காத ஏலம்

போன ஞாயிறு, மம்பாவில் இருக்கும் தம்பி சேகர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லை. உள்ளே போனால்... சோபா விளிம்பில் உட்கார்ந்து கைப்பேசியைக் கட்டைவிரலால் குத்திக்கொண்டிருக்கிறான். லாரி ஓட்டும்போதுகூட அவன் முகம் இப்படி இறுகி நான் பார்த்ததில்லை.

“அக்கா, பேசாத. பத்து செகண்ட்தான் இருக்கு!”

என்ன பத்து செகண்ட்? எட்டிப் பார்த்தேன். புத்தம்புது லேப்டாப் படம். பக்கத்தில் விலை – முப்பத்தெட்டு மலேசிய வெள்ளி!

அவன் மகள் யாழினி அடுத்த மாதம் பல்கலைக்கழகம் போகிறாள். லேப்டாப் இல்லாமல் ஆகாது. கடையில் இரண்டாயிரம் வெள்ளி. சேகர் ஒரு வருடமாகச் சேர்த்தது ஆயிரத்து இருநூறு. அந்த நேரம் பார்த்து இந்த இணைய ஏலம் அவன் கண்ணில் பட்டிருக்கிறது.

“முப்பத்தெட்டு வெள்ளிக்கு யாருடா லேப்டாப் கொடுப்பான்?”

“ஏலம்க்கா. ஒரு தடவ அமுக்கினா வெல ஒரு காசுதான் ஏறும். கடைசியா யாரு அமுக்குறாங்களோ அவங்களுக்குத்தான்.”

“அமுக்குறது சும்மாவா?”

தயங்கினான். “ஒரு அமுக்குக்கு ஒரு வெள்ளி. நானூறு வாங்குனேன். இன்னும் அறுபது இருக்கு லா.”

எனக்குக் கணக்கு வராது. ஆனாலும் போட்டுப் பார்த்தேன். காசு காசாக ஏறி முப்பத்தெட்டு வெள்ளி என்றால், இதுவரை மூவாயிரத்து எண்ணூறு முறை யார் யாரோ அழுத்தியிருக்கிறார்கள். அதாவது, இரண்டாயிரம் வெள்ளிப் பொருளுக்கு மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி வசூல்! தோற்றவர்கள் போட்டது போட்டதுதான். ஒவ்வொருவர் அழுத்தும்போதும் கடிகாரம் மறுபடி பத்து விநாடிக்குத் திரும்பும். இதற்குப் பெயர் ஏலமா?

ஏலம் நமக்கென்ன புதிதா... லிங்கிப் பக்கம் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், திருவிழா முடிந்ததும் மாரியம்மன் கோயிலில் ஏலம் நடக்கும். அம்மனுக்குச் சாத்திய சேலை, வேலில் குத்திய எலுமிச்சம்பழம் எல்லாம் ஏலத்துக்கு வரும். வேலைக்காட்டில் எங்களை அதட்டும் மண்டோர்தான் ஏலம் விடுவார். “ஒரு தரம்... ரெண்டு தரம்...” என்று அவர் இழுக்கிற இழுப்பில் கூட்டமே மூச்சை அடக்கும். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

ஒரு வருடம் எலுமிச்சம்பழத்துக்குக் கிராணிக்கும் அஞ்சலைக்கும் போட்டி. கிராணி ஆபீஸ் உத்தியோகம், கையில் காசுள்ளவர். அஞ்சலை பால்மரம் சீவுபவள். கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. ஐந்து வெள்ளி, ஆறு, ஏழு... அஞ்சலையின் குரல் கம்மிப்போனது.

மண்டோர் கிராணி பக்கம் குனிந்து, “ஐயா, அந்தப் பொண்ணு வேண்டுதலுக்குக் கேக்குதுங்க” என்றார்.

அவ்வளவுதான். கிராணி தூக்கிய கையை இறக்கிவிட்டார். அவர் பையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. சிரித்துக்கொண்டே பொங்கல் வாங்க வரிசையில் நின்றார்.

அஞ்சலைக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்காதீர்கள். பிறக்கவில்லை. ஆனால் அந்தப் பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் நடந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவன்தானே சேகரும்? அவன் செய்த காரியத்தைப் பாருங்கள்.

“எதிர்ல ஒருத்தன் விடவே மாட்டேங்கிறான்க்கா. நானும் சொல்லிப் பாத்துட்டேன்.”

“யாருகிட்டடா சொன்ன?”

திரையின் அடியில் கருத்து எழுதும் கட்டத்தைக் காட்டினான். ‘என் மக படிப்புக்குக் கேக்குறேன். தயவுசெஞ்சு விட்டுக்குடுங்க’ என்று எழுதியிருந்தான். எதிராளிக்குத் தமிழ் தெரியாமல் போனால்? அதே கோரிக்கை கீழே மலாய் மொழியிலும் இருந்தது.

சிரிப்பு வரவில்லை எனக்கு.

“டேய், எதிர்ல இருக்கிறது மனுசனா, தானா அமுக்குற மிஷினான்னு யாருக்குத் தெரியும்? தோத்தா காசு திரும்புமா? இவங்ககிட்டயே கட வெலைக்கு வாங்குனா இந்தக் காசக் கழிச்சுக்குவாங்களா? அனுப்புற செலவு எவ்வளவு? எதுல நிறுத்தணும்னு மொதல்லயே முடிவு பண்ணியா?”

நீங்களும் இப்படி ஒரு தளத்தில் கை வைக்கும் முன் இவற்றையெல்லாம் கேட்டுவிடுங்கள். நான் கேட்டது தாமதமாகத்தான். சேகர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. விரல்தான் வேலை செய்தது. அறுபதும் தீர்ந்தது; கடைசியாக அழுத்தியது எதிராளி. ‘இன்னும் இருநூறு வாங்குகிறீர்களா?’ என்று திரை கேட்டது. அவன் விரல் அங்கே போனது.

“சேகரு... மிச்ச எண்ணூறு யாழினியோடதுடா.”

விரல் அந்தரத்தில் நின்றது. ஒன்பது, எட்டு, ஏழு... கடைசி எண்ணும் போனது. லேப்டாப் எதிராளிக்கு.

மறுநாள் சிரம்பானில் எழுநூற்றைம்பது வெள்ளிக்கு, யாரோ பயன்படுத்திய லேப்டாப் ஒன்றை வாங்கினோம். ஒரு மூலையில் கீறல். மற்றபடி நன்றாகவே ஓடுகிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தான் சேகர். பிறகு சொன்னான்:

“பரவால்லக்கா. அவனுக்கும் வீட்டுல ஒரு மக இருக்கும். அதான் விடல போல.”

மிஷினாக இருக்கலாம் என்று முதல்நாள் கத்திய நான், “இருக்கும்டா” என்றேன்.