எஞ்சினுக்கு வைத்த பொட்டு

போன சனிக்கிழமை என் ரயில் எஞ்சினைத் தண்டவாளத்தில் விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம்? குங்குமம்!

நான் சின்ன ரயில் செய்கிறவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. மற்ற நேரத்தில் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி என் பட்டறை. மீதிப் பாதியில்தான் சாப்பாடு.

இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு நீராவி எஞ்சினோடு போனது. கடையில் வாங்கியபோதே அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது பொதுவாக ஓர் எஞ்சின். எனக்கு வேண்டியது வேறு. எங்கள் ஊரிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் ஒரு பழைய ரயில் பாதை வரும். கோடையில் அங்கே இன்றும் நிலக்கரி போட்டு ஒரு கறுப்பு எஞ்சினை ஓட்டுகிறார்கள். அந்த எஞ்சின். அதே எஞ்சின்!

அதற்கு முன்பக்கம் மூன்று விளக்குகள். கடை எஞ்சினுக்கு இரண்டு. மூன்றாவதைச் செய்து ஒட்டினேன். அதன் இடதுபக்கக் கைப்பிடிக் கம்பி கொஞ்சம் வளைந்திருக்கும்... எப்போதோ எதிலோ இடித்திருக்க வேண்டும். நானும் வளைத்தேன். புகைபோக்கியில் டேனிஷ் எஞ்சின்களுக்கே உரிய சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பட்டி. கீறினேன், அழித்தேன், மறுபடி கீறினேன். நிஜ நிலக்கரியைப் பொடித்து நிரப்பினேன். கடைசியில் பளபளப்பு போவதற்கு ஒரு மங்கல் பூச்சு.

இவ்வளவு பாடு ஏன் என்கிறீர்களா? எங்கள் ரயில் கிளப்பின் கண்காட்சியில் பெரிய தண்டவாளம் ஒன்று உண்டு. அதில் ஓடும் எந்த எஞ்சினும் நிஜ எஞ்சினின் போட்டோவோடு அச்சொட்டாக ஒத்துப்போக வேண்டும். அதுதான் விதி. நான் அந்தக் கிளப்பில் கோப்பி ஊற்றியிருக்கிறேன், மேசை தூக்கியிருக்கிறேன். என் எஞ்சின் ஒன்று அந்தத் தண்டவாளத்தில் ஓடியதே இல்லை. இந்த முறை ஓடியே ஆக வேண்டும் என்று ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சின்னப் பிள்ளை ஆசை.

கண்காட்சி அந்தப் பழைய ரயில் பாதையின் நிலைய மண்டபத்தில்தான். வெளியே அதே பெரிய கறுப்பு எஞ்சின் புகைவிட்டுக்கொண்டு நின்றது. உள்ளே நான் என் பெட்டியைத் திறந்தேன். எஞ்சினின் முகத்தில், கொதிகலனின் முன்பக்க வட்டக் கதவின் நடுவில்... சந்தனம். அதன் மேல் குங்குமம்.

திரும்பி என் கணவர் சிவநேசனைப் பார்த்தேன். மனுஷன் முகத்தில் அப்படியொரு திருப்தி.

"என்னப்பா செய்து வச்சிருக்கிறியள்?"

"முதல் ஓட்டமெல்லே? பொட்டு வைக்காமல் ஆரும் வண்டி எடுப்பினமே? காருக்கு வச்சனான், புல்லு வெட்டுற மெஷினுக்கும் வச்சனான். சில்லுக்குக் கீழ நசிக்கத் தேசிக்காயும் வைக்கத்தான் பார்த்தனான். சில்லை விடத் தேசிக்காய் பெரிசு."

"இது விளையாட்டு எஞ்சினப்பா!"

"ஓ... இதை நான் சொன்னால் நீர் ரெண்டு நாள் கதைக்க மாட்டீர்."

பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். சந்தனம் போனது. குங்குமம் மங்கல் பூச்சுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. இன்னும் தேய்த்தால் கறுப்பும் உரியும். அழுகை வந்தது. அதைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது.

அப்போதுதான் ஹென்னிங் வந்தார். கிளப்பின் பரிசோதகர். கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் போட்டோக் கட்டு. விளக்குகளைப் பார்த்தார். வளைந்த கம்பியைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். பட்டியைப் பார்த்து "அருமை" என்றார். பிறகு பொட்டுக்கு வந்தார். (எல்லாம் டேனிஷில்தான். தமிழாக்கம் நான்.)

"இது என்ன? போட்டோவில இல்லையே?"

"இல்லை."

"அப்ப ஓடேலாது."

சிவநேசன் முன்னால் வந்தார். "நான் வச்சது. முதல் பயணம் நல்லபடியாப் போகவேணும் எண்டு வச்சனான். அவவில பிழை இல்லை." அந்த நேரத்தில் என் கோபம் பாதி இறங்கியது.

ஹென்னிங் போட்டோவைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அந்தச் சிவப்புத் தூள் இன்னும் இருக்கோ?"

இல்லாமல் இருக்குமா? எங்கள் காரில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சிமிழ் இருக்கும்.

வெளியே போனோம். பெரிய எஞ்சினின் ஓட்டுநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தீப்பிடிக்குமோ?" பிடிக்காது என்றோம். எஞ்சின் சுடும் என்று தன் தோல் கையுறையைக் கழற்றி என் கணவரிடம் கொடுத்தார்.

சிவநேசன் குங்குமத்தில் ஒரு விரலைத் தொட்டார். ஹென்னிங் தடுத்தார். "அளவு பிழை." எங்கள் ரயில்கள் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அப்படியானால் என் எஞ்சினின் பயறளவுப் பொட்டு இங்கே சாப்பாட்டுத் தட்டளவு வர வேண்டும்! முழுச் சிமிழையும் தண்ணீரில் குழைத்தார்கள். சந்தனத்தையும் எடுக்கப்போன என் கணவரை ஹென்னிங் மறுபடி தடுத்தார். "மஞ்சள் நிறம் மொடலில இல்லை."

"இவ்வளவு பெரிய பொட்டு நான் சீவியத்தில வைக்கேல்லை" என்றார் சிவநேசன். கையுறையோடு வட்டக் கதவின் நடுவில் அதை அப்பினார்.

ஹென்னிங் போட்டோ எடுத்தார். என் எஞ்சினை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்ப ஓடலாம்."

நம் ஆட்கள் என்றால் "தெரிஞ்ச பிள்ளைதானே, பரவாயில்லை, ஓடட்டும்" என்றிருப்பார்கள். அதுவும் அன்புதான். ஆனால் அந்தப் "பரவாயில்லை"க்குள்ளே என் எஞ்சின் கொஞ்சம் பிழை என்பதும் ஒளிந்திருக்கும். விதி விதி என்று நிற்கும் மனிதர்களைப் பார்த்து எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறேன்! ஹென்னிங் எனக்காக விதியை வளைக்கவில்லை. போய் நிஜத்தை மாற்றிவிட்டு வந்தார். அந்த மரியாதை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா?

என் எஞ்சின் ஓடியது. பாலம் கடந்து, சுரங்கம் நுழைந்து, நெற்றியில் பொட்டோடு வெளியே வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கைதட்டக்கூடத் தோன்றவில்லை.

இரண்டாவது சுற்றில் ஹென்னிங் மின்சாரத்தை நிறுத்தினார். முன்னால் இன்னொரு எஞ்சின் நின்றது. யென்ஸ் என்ற கிளப் உறுப்பினருடையது. அவரும் அதே நிஜ எஞ்சினைத்தான் செய்திருக்கிறார். காலையிலேயே பரிசோதனையில் தேறியது.

"யென்ஸ், உன்ர எஞ்சின் இப்ப போட்டோவோட ஒத்து வரேல்லை."

யென்ஸ் தன் எஞ்சினைத் தூக்கி வந்து என் கணவர் முன்னால் நீட்டினார்.

சிவநேசன் சிமிழின் அடியைச் சுரண்டிக்கொண்டே என்னிடம் திரும்பினார். "வலக்கையால பிடிக்கச் சொல்லும்."

ஞாயிறு பின்னேரம் நல்ல மழை. வெளியே நின்ற பெரிய எஞ்சினின் நெற்றி இதற்குள் கழுவப்பட்டிருக்கும். கும்பிட்டுக் கேட்கிறேன், ஹென்னிங்கிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!