கருத்துப் பெட்டியை மூட மாட்டேன்

நெதர்லாந்தின் உட்ரெக்டில் எங்களுக்கும் பக்கத்து வீட்டு மரெய்க்கேவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் வருவதற்கு முன் குறுஞ்செய்தி அனுப்புவாள்: "வியாழன் மாலை பத்து நிமிடம் வரலாமா?" இப்படி முன்கூட்டி நேரம் வாங்குவதற்கு இங்கே 'அஃப்ஸ்ப்ராக்' என்று பெயர். இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் நுழைகிற ஒரே இடம் என் வலைப்பூவின் கருத்துப் பெட்டி. அதை மூடிவிடச் சொல்லி நண்பர்கள் இப்போது புத்தி சொல்கிறார்கள். மூடப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கருத்து எழுதுகிறவர்களை நான் வெறும் நன்றியோடு அனுப்புவதில்லை. காஞ்சிபுரத்துக்காரர் என்று தெரிந்தால் "எந்தத் தெரு?" என்று கேட்பேன். எங்கள் ஊரில் முதலில் வாயில் வருவது அந்தக் கேள்விதான். அன்பாகக் கேட்பதாகவே நினைத்திருந்தேன். சாலமோன் என்றொருவர் பதில் எழுதினார்: "நீங்க சன்னதித் தெருன்னு பெருமையா எழுதிக்கிறீங்க. எங்க தெருவைக் கேட்டு சாதிய தெரிஞ்சிக்கணுமா மேடம்? காலனிதான். இப்போ சந்தோஷமா?" ஒரு சொடுக்கில் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. "கேட்டது தப்புதான். ஆனால் போய்விடாதீர்கள், மற்றதையும் திட்டுங்கள்" என்று எழுதினேன். அந்த வேலையை அவர் மனப்பூர்வமாகச் செய்தார். கோயில் இட்லியைப் பற்றி எழுதினால், "அத எங்க பக்கம் யாராச்சும் கண்ணுல காட்டினாங்களா?" என்பார். உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். பதிவைவிட நீளமாகப் பதில் வரும். அவர் ஆட்டோ ஓட்டுகிறார், மகள் கணக்கில் தடுமாறுகிறாள் என்பதெல்லாம் இந்தச் சண்டைகளுக்கு நடுவே தெரிந்ததுதான். நான்கு வருடத்தில் மேடமாக இருந்தவள் அக்கா ஆனேன்.

இந்த வைகாசியில் கருட சேவை பார்க்க என் மகன் நிகில் தனியாகக் காஞ்சிபுரம் போனான். இங்கேயே பிறந்தவன், பத்தொன்பது வயது. ஊரில் எங்களுக்கு இப்போது சொந்தம் யாருமில்லை என்பதால் விடுதியில் தங்கினான். கூட்டத்திலிருந்து ஒரு படம் அனுப்பினான். அதன் பிறகு போன் அணைந்து கிடந்தது. விடுதிக்கும் திரும்பவில்லை என்றார்கள். யாரைக் கூப்பிடுவது? கடைசியில் கருத்துப் பெட்டியில் எழுதினேன், என் மகனைக் காணவில்லை என்று. சாலமோன் தன் போன் எண்ணோடு உடனே எழுதினார்: "போட்டோ அனுப்புங்கக்கா. வண்டிய எடுத்துட்டேன்."

என் அழுகை சுவரைத் தாண்டியிருக்க வேண்டும். மரெய்க்கே அன்று நேரம் கேட்காமல் வந்தாள்.

"முன்பின் தெரியாதவருக்கா மகனின் படத்தை அனுப்பினாய்?"

"தெரியும். நான்கு வருடமாகச் சண்டை போடுகிறோம்."

அவள் முகம் வெளுத்தது. "போலீசைக் கூப்பிடட்டுமா?"

அது எந்த மாதிரிச் சண்டை என்று விளக்கும் அளவுக்கு என் டச்சு போதவில்லை. அதற்குள் போன் அடித்தது. சாலமோன்.

"யக்கா, பையன் கெடச்சிட்டான்! வெயில்ல மயங்கி வுழுந்துட்டானாம். போனும் கூட்டத்துல போச்சி. யாரோ ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. குளுகோஸ் ஏத்திட்டு அனுப்பிட்டாங்க, எங்க வூட்டுக்கு இட்டுக்கினு வந்துட்டேன். இப்ப தூங்கிக்கினு இருக்கிறான். அவன் தமிழும் உங்க பதிவு மாதிரியே இருக்குதுக்கா, பாதிதான் புரியுது."

மரெய்க்கேவின் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதேன்.

"அட, அழுவாதீங்கக்கா. இதுக்காக அடுத்த பதிவுல தப்பு இருந்தா வுட்டுடுவேன்னு நெனைக்காதீங்க."

நண்பர்களே, கருத்துப் பெட்டி ஆபத்து என்கிறீர்கள். வசை வரும், அந்நியர்கள் வீட்டு விஷயம் தெரிந்துகொள்வார்கள் என்கிறீர்கள். வரட்டும், தெரிந்துகொள்ளட்டும். ஆளுக்கொரு இதயக் குறி போட்டு நகர்ந்திருந்தால் அன்று எனக்காக அந்த ஊரில் யார் வண்டியை எடுத்திருப்பார்கள்?

சற்று நேரத்தில் சாலமோன் ஒரு வீடியோ அனுப்பினார். நான் பிறந்து வளர்ந்த ஊரில், நான் ஒருநாளும் கால் வைக்காத ஒரு தெருவில், டச்சு மண்ணில் பிறந்த என் பிள்ளை பாயில் வாய் பிளந்து தூங்குகிறான். ஒரு சிறுமி மேசை விசிறியை அவன் பக்கம் திருப்பி வைக்கிறாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்த அவன் ஊரில், அவனுடைய கட்டிலில் உட்கார்ந்து, அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.