எதிர்வேந்தன் விழுந்த கட்டம்

சின்னவருக்கு வயசு நாப்பத்தாறு. இன்னும் சின்னவர்தான். அண்ணன்னு ஒருத்தர் இருக்கிற வரைக்கும் அந்தப் பட்டத்தை எவனும் பிடுங்க முடியாதுல்ல! மூணாவது மாடியில ஒரு ரூம். ரெண்டு பேரும் அதுல உக்காந்து மாசம் ஒரு படக்கதைப் புத்தகம் போடுவாங்க. அண்ணன் கதை எழுதி பென்சில்ல வரைவாரு, தம்பி அதுக்கு மை போடுவாரு.

கதாநாயகன் பேரு இடிவேந்தன். அண்ணன் கண்ணாடியப் பாத்து தன் மூஞ்சியையே வரைஞ்சு, தொந்தியை மட்டும் அழிச்சு விட்டதுதான் அவன். ஒரு மாசம் அவசரமா வில்லன் தேவைப்பட்டான். யோசிக்க நேரமில்ல. தம்பி, இடிவேந்தன் வரைஞ்ச மெல்லிசுத் தாளை, அடியில பல்பு எரியற கண்ணாடி விளக்கு மேசையில குப்புறப் போட்டு, பின்பக்கமா மை போட்டாரு. வகிடு அந்தப் பக்கம் போச்சு, மச்சம் இடது கன்னத்துக்குத் தாவிச்சு. எதிர்வேந்தன் பொறந்துட்டான். பாத்தா அப்படியே தம்பி மூஞ்சி!

ரெண்டே இதழ்ல வந்தான். படிச்சவங்க ஒருத்தருக்கும் அவன் ஞாபகம் இல்ல. தம்பிக்கு மட்டும் மறக்கல. ஏன்னா, மொத இதழ்ல எதிர்வேந்தனுக்கு ஒரு பல்லு போச்சு, அடுத்த வாரமே தம்பிக்குக் கடவாப்பல்லைப் பிடுங்கினாங்க. ரெண்டாவது இதழ்ல அவனுக்குக் கால் முறிஞ்சுது, இவரு குளியலறையில வழுக்கி விழுந்து ஒன்றரை மாசம் மாவுக்கட்டோட கிடந்தாரு. அவ்வளவுதான், பயம் உள்ள போய் பாய் விரிச்சுப் படுத்துக்கிச்சு.

வீட்ல பொண்டாட்டிகிட்ட சொன்னா அந்தம்மா விடுவாங்களா? "அவன் மாடிக்கு மாடி தாவறானே, நீங்க என்னிக்குத் தாவினீங்க? பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறச் சொன்னாலே தொடை நடுங்குது!"

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில அண்ணன் தாளைத் தூக்கிப் போட்டாரு. "டேய், எதிர்வேந்தனை இன்னியோட தீத்துடறோம். மணிக்கூண்டு உச்சியிலேர்ந்து நேரா கீழ. மத்தியானம் அச்சகத்து ஆள் வரான், முடிச்சு வை."

தம்பி தாளைக் கையில எடுத்தாரு. "தீத்துத்தான் ஆகணுமாண்ணே? ஜெயில்ல போட்டுடலாமே. பாவம், ஓரமா இருந்துட்டுப் போறான்."

"எவனுக்குடா அவனைத் தெரியும்? செத்தாலாவது நாலு பேர் யாருன்னு கேப்பான்."

தம்பி தாளை விளக்கு மேசையில வச்சாரு. திருப்பிப் போடக் கையெடுத்தவரு அப்படியே நின்னுட்டாரு. வழக்கம்போல அண்ணன் வரைஞ்சிருந்தது இடிவேந்தனைத்தான். திருப்பினாத்தானே அவன் எதிர்வேந்தன்! இப்ப தலைகீழா, வாயைப் பொளந்துகிட்டு விழுந்துகிட்டிருந்தது அண்ணன்.

திருப்பினா நான் போயிடுவேன். திருப்பாம விட்டா அண்ணன் போயிடுவாரு. பேனா முனையில மை காய்ஞ்சுது. அந்த நேரம் பாத்து அண்ணன் போய் ஜன்னல்ல சாய்ஞ்சாரு.

"அண்ணே! அங்க நிக்காதீங்க!"

"ஏன்டா கத்தறே?"

"காத்து... சளி பிடிக்கும்ணே."

"வெயில் மண்டையைப் பொளக்குது, சளியாம்!" ஆனா அண்ணன் நகந்துட்டாரு. கொஞ்சம் வேகமாவே நகந்தாரு.

படியில செருப்புச் சத்தம் கேட்டுது. அச்சகத்து ஆள். தம்பி புதுத்தாள் ஒண்ணை இழுத்துப் போட்டு, அவசர அவசரமா மை போட்டு முடிச்சு நீட்டினாரு.

கட்டத்துல மணிக்கூண்டு இருந்துது, மேகம் இருந்துது. ஆள் இல்ல.

"எங்கடா அவன்?"

"விழுந்துட்டான்ணே. கட்டத்தைத் தாண்டிப் போயிட்டான்."

"எங்க போய் விழுந்தான்?"

"அதை நாம எதுக்குண்ணே பாக்கணும்?"

திட்டப்போறாருன்னு தம்பி கண்ணை மூடிக்கிட்டாரு. திட்டு வரல. தாள் கிழியற சத்தம்தான் வந்துது. அண்ணன் அந்தப் பென்சில் படத்தைச் சுக்கல் சுக்கலாக் கிழிச்சுக்கிட்டிருந்தாரு.

"நேத்து இதை வரைஞ்சதுலேர்ந்து எனக்கும் சரியில்லடா. வீட்டுப் படியில உக்காந்து உக்காந்து இறங்கினேன். சிரிச்சே, கொன்னுடுவேன்."

தம்பி சிரிக்கல. எங்கேர்ந்து சிரிக்கறது!

அச்சகத்து ஆள் பக்கங்களை வாங்கிக்கிட்டுக் கிளம்பினான். "சாப்பாட்டு நேரமாச்சே, கீழ வரலையா சார்?"

"நீ முன்னால போப்பா"ன்னாங்க, ரெண்டு பேரும் ஒரே குரல்ல.