விமானத்துக்குள் போன எலுமிச்சை

சங்குமுகம் கடற்கரைப் பக்கம் விமானத் திடல் வந்த புதிதில், அங்கே விமானம் நிறுத்தும் ஷெட்டைப் பெருக்கும் வேலைக்குப் போனேன். அதுவரை சாலைக் கடைத்தெருவில் அரிசி புடைத்தவள். படிப்பு நாலாம் வகுப்பு. நாலு பேரைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது.

முதல் நாளே நாகர்கோவில்காரரான மேஸ்திரி அண்ணாச்சி சொன்னார்: "பிள்ளே, ஷெட்டு கெடக்கட்டும். கேப்டன் உக்காருத எடத்த நல்லாத் தொடச்சு வையி. அவரு வானத்துல உருளுவாரு. தலைகீழாவும்போ கீழ கெடக்க தூசியெல்லாம் அவரு மூஞ்சியிலதான் விழும்."

அதன்பின் கேப்டன் இறங்கியதும் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். அது சுத்தமாக இருந்தால் என் வேலையும் சுத்தம்.

ஒரு ஆயுத பூஜையன்று ஜனங்கள் முன்னால் கேப்டன் உருண்டு காட்டுவதாக இருந்தது. காலையிலேயே துடைத்து வைத்துவிட்டேன். பிறகுதான் பூஜை நடந்தது. விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறிக்குச் சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சை. மேஸ்திரி குங்குமம் தடவிய ஒரு எலுமிச்சையை அரளிப் பூவோடு சீட்டிலும் வைத்தார். கேப்டன் ஏறி வாரைக் கட்டினார். என்ஜின் ஓடத் தொடங்கியது.

"அண்ணாச்சி, சீட்டுல வச்சது எங்க?"

"நீ எடுக்கலியா?"

"இல்லியே!"

அவர் கத்தினார். என்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நான் விமானத்துக்கு முன்னே, விசிறிக்கு எட்டத் தள்ளி நின்று, இரண்டு கைகளையும் தூக்கினேன். கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது. உடம்பெல்லாம் கூசியது. கேப்டன் என்ஜினை நிறுத்தினார்.

"எந்தா செல்லம்மே, ஞான் போகண்டே?" போக வேண்டாமா என்று மலையாளத்தில் கேட்டார்.

அவர் காலடியைக் காட்டினேன். மேஸ்திரி குனிந்து கையை விட்டு எடுத்தார். விமானத்தைத் திருப்பும் கம்பியின் அடியில் கிடந்தது எலுமிச்சை.

கேப்டன் அதைக் கையில் உருட்டினார். "பாதி புரளும்போ இது கம்பியில மாட்டினா, பின்ன நேரே ஆக்கான் முடியாது. கடல்தான்."

"திருஷ்டி கழிக்க வச்சேன், சாரே."

"என்னையே கழிக்கப் பாத்தல்லோ மேஸ்திரி!"

நான் மறுபடி துடைக்கும்வரை கேப்டன் காத்திருந்தார். பிறகு உயர ஏறினார். மூக்கைச் சற்றே தூக்கி, இறக்கை மேல் இறக்கையாகப் புரண்டார். தலைகீழானபோது என்ஜின் விக்கியது. சத்தமே இல்லை. திரும்பச் சத்தம் கேட்டபோது விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

இறங்கியவரின் மீசையில் ஒரு அரளி இதழ் ஒட்டியிருந்தது.

"செல்லம்மே, இதை விட்டுட்டியே!"

அடுத்த வருஷத்திலிருந்து பூஜை முன்னால், துடைப்பது கடைசியில். துடைத்தவள் கை தூக்கிக் காட்டினால்தான் கிளம்புவேன் என்று கேப்டன் சொல்லிவிட்டார். கூட்டத்தின் முன்னால் கை தூக்க எனக்குக் கடைசிவரை வெட்கம்தான். ஆனாலும் சீட்டடியில் இன்னொரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத் தூக்குவேன்.