மூணாவது மாடிக் காடு

தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர்கள் பணத்துக்கு ஆசைப்படுவார்கள், பேருக்கு ஆசைப்படுவார்கள். சிதம்பரநாதன் ஒருவர்தான் பூமியைக் காப்பாற்ற ஆசைப்பட்டார். அதுவும் ஒரு கருத்தரங்கில் ஓசிச் சாப்பாடு சாப்பிட்ட பிறகு. இனிமேல் காட்டை நம்பிய தொழில்தான் உலகத்தை நடத்தப்போகிறதாம். வெட்டின இடத்தில் நட்டுக்கொண்டே இருந்தால் மரம் தீரவே தீராதாம். மனுஷன் சொக்கிப்போய்விட்டார்.

மரக்கூழிலிருந்து எடுத்த நூலில் நெய்த புடவைகள் கடையின் மூன்றாவது மாடியில் வந்து இறங்கின. கடையோ அண்ணன் துரைராஜ் பேரில்.

"ஏலே, தீபாவளி வரைக்கும் மாடி உனக்கு. ஓடலைன்னா பழையபடி கீழ வந்து கல்லாவுல உக்காந்துக்க" என்றார் அண்ணன்.

காலமெல்லாம் அண்ணன் கண்ணெதிரே சில்லறை எண்ணியே தேய்ந்த மனுஷன். அந்தக் கல்லாவுக்குத் திரும்புவதைவிடக் கடையை விட்டே ஓடிவிடலாம் என்று மனைவி தங்கத்திடம் புலம்பினார்.

அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது. புடவை ஒன்றுக்குத் தேக்கங்கன்று ஒன்று இலவசம்! இலவசம் என்றால் எதையும் வாங்கிக்கொள்ளும் நம் ஜனங்கள் தேக்கை மட்டும் வேண்டாம் என்றார்கள்.

"இதை வச்சுண்டு நான் என்ன பண்றது சார்? எங்காத்து பால்கனில துளசிக்கே இடமில்ல" என்றாள் மயிலாப்பூர் நீரஜா. "அதுக்குப் பதிலா ஒரு கட்டப்பை கொடுங்கோ."

"இந்தக் கன்னு காட்டுக்காகம்மா..."

"காட்டுக்குத்தான் சார். ரெண்டா கொடுங்கோ."

கொடுத்தார். அவ்வளவுதான், செய்தி மாம்பலம் தாண்டி அடையாறு வரை பரவியது. ஒரு புடவைக்கு ரெண்டு கட்டைப்பை! இயற்கை மேல் ஜனங்களுக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது. தீபாவளிக்கு முன்பே மாடி காலி. துரைராஜ் தம்பியின் தோளில் தட்டினார். ஜென்மத்தில் முதல் தடவை.

"அதே அளவு இன்னொரு லோடு சொல்லுலே. மாடியை உன் பேருக்கே எழுதிருவோம்."

அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புடவைகளை அனுப்பிய ஏஜெண்ட் ஜெயராமுக்குப் போன் போட்டார் சிதம்பரநாதன்.

"தோப்புல வெட்டின மரம் மறுபடி வளர நாலு வருஷம் ஆவும் அண்ணாச்சி. நீங்க ஒரே மாசத்துல கேட்டா? மில்லுல வேற எடத்துக் கூழ் வாங்கித்தான் ஓட்டிக்கினு கீறாங்க."

"வேற எடம்னா? எந்தக் காடு? அங்க திரும்ப நடுறாங்களா?"

"அதெல்லாம் கேக்காதீங்க. லோடு வேணுமா, வேணாமா?"

துரைராஜ் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிதம்பரநாதனுக்கு அவமானமாக இருந்தது; கல்லாவைப் பற்றிய பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"வேணும்" என்றார். சத்தமே வரவில்லை.

"கேக்கல அண்ணாச்சி."

இரண்டாவது தடவை நன்றாகச் சத்தமாகவே சொன்னார்.